மேடையும் வாழ்வும்

முத்தமிழுள் நாடகத்தை இறுதியில் வைத்து எண்ணுதல் மரபு. இயலும் இசையும் தனித்து நிற்கவல்லன. நாடகமோ அவ்விரண்டின் துணையின்றி நடவாது. எனினும், நாடகத்தில் இசை எத்துணை அளவு வேண்டும், பேச்சு எத்துணை வேண்டும் என்பது எளிதில் தீர்க்கத் தக்க வினா அன்று. இளமை முதல் இறுதிவரை மேடையையே வாழ்வாகக் கொண்ட ஒருவரது வரலாற்றில் அவ்வினாவிற்குரிய விடையைக் காணலாம். அவர் ஔவை தி. க. சண்முகனார். தாம் கண்டவற்றையும் எண்ணியவற்றையும் 'எனது நாடக வாழ்க்கை' என்னும் நூலாக 1972ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார்.

சண்முகனார் 1912ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்திற் பிறந்தார். தந்தையார் கண்ணுசாமி பிள்ளை பெண்வேடம் தாங்குவதிற் பெயர்பெற்ற நடிகர். 1918ஆம் ஆண்டில், ஆறு வயதுச் சிறுவராக இருக்கும்போதே, சண்முகனார் தம் தமையன்மாருடன் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையிற் சேர்ந்தார். அச்சபையின் ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள்.

சுவாமிகளைப்பற்றி ஒரு செய்தி வழங்குகின்றது. ஆசிரியராவதற்கு முன்னர் அவரும் நடிகராகவே விளங்கினார். எமன், சனீசுவரன் முதலிய அச்சந்தரும் வேடங்களில் வல்லவர். ஒருநாள் இரவு சனீசுவரனாக நடித்துவிட்டு, விடியற்காலையில் வேடங் கலைப்பதற்கு நீர்நிலையை நாடிச் சென்றாராம். அங்கே துணி வெளுத்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தி அக்கோலத்தைக் கண்டாள். கண்ட அளவில் அஞ்சி வீழ்ந்து உயிர் துறந்தாள். சுவாமிகள் உள்ளம் உடைந்து, அதன்பின் வேடம் புனைவதையே விட்டொழித்தார் என்பர். நடிப்பு மிகச் சிறந்ததனாலேயே நடிப்பைத் துறக்க நேர்ந்தது! அத்துறவினால் தமிழ்நாடு ஒரு நடிகரை இழந்து ஓர் ஆசிரியரைப் பெற்றது.

வயது வந்த நடிகரிடையே ஒழுங்கு குறைந்திருந்தமை கண்டு மனம் சலித்த சுவாமிகள், சிறுவரைக் கொண்டே நாடகம் நடத்தத் துணிந்தார். சிறுவர்கள் ஓரிடத்தே உண்டு, உறங்கி, பாடம் கேட்டு, இரவில் நடித்தனர். பெற்றோரைப் பிரிந்து ஊர் ஊராகச் செல்லும் வாழ்வு அது. கல்விச்சாலையும் இல்லமும் அவர்கட்குக் கொட்டகையே. பகலிற் பாடத்தில் ஒரு சொல் பிழைத்தால் இரவில் அவையோர் முன் நாணவேண்டும் என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

சண்முகனார் பொருட்டுச் சுவாமிகள் இயற்றியது 'அபிமன்யு சுந்தரி.' நான்கு மணி நேரம் நடத்தத்தக்க அந்நாடகத்தை, பாடலும் உரையாடலுமாக, ஒரே இரவில் விளக்கொளியில் அமர்ந்து, அடித்தல் திருத்தலின்றி எழுதி முடித்தார். நாள் முழுதும் அமர்ந்து ஒரு வெண்பா யாக்க முயன்று தளர்ந்தவர்க்கே இச்செயலின் அருமை விளங்கும்.

ஒலிபெருக்கி வாராத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் இருப்பவர்க்கும் கேட்குமாறு பாடவல்லவனே நாயகனாக விளங்க முடியும். ஆர்மோனியமும் மிருதங்கமும் உடன் ஒலிக்க, இன்பமாகப் பாடினால் அவையினர் மறுமுறையும் பாடுக என ஆர்ப்பரிப்பர். நடிகனும் கதையை நிறுத்திவிட்டுப் பாடுவான். கணவனை இழந்து கதறும் தலைவி, கைதட்டலுக்கு இணங்கி அப்புலம்பலையே மீளவும் தொடங்குவாளாயின், துயரம் எங்கே நிற்கும்? இசை அவ்விடத்தே நாடகத்தைக் கொன்றுவிடுகின்றது.

சிறுவர் சபைகட்கு மற்றோர் இடரும் உண்டு. பதின்மூன்று, பதினான்கு வயதளவில் குரல் உடையும். இதனை நாடக உலகினர் 'மகரக்கட்டு' என வழங்கினர். நேற்று வரை குயிலெனப் பாடி அனைவராலும் பாராட்டப்பெற்ற சிறுவன், இன்று வாய்திறக்க அஞ்சுவான். பாட்டையே நம்பியிருந்தவன் வேடம் இழந்து மூலையில் நிற்பான். அவனது பகுதி வேறொரு சிறுவனுக்குச் செல்லும். குற்றம் ஏதும் செய்யாத பிள்ளைக்கு இதனினும் கொடிய தண்டம் உண்டோ! பேசவும் மெய்ப்பாடு காட்டவும் பயின்றிருந்தவனே அக்காலத்தைக் கடந்து பின்னும் நடிகனாக நிலைத்தான்.

சுவாமிகளுக்கும் குரல் அடங்கும் நாள் வந்தது. இறுதிக் காலத்தில் பக்கவாத நோய் அவரைப் பற்றியது. பாடல்களை அருவியெனப் பொழிந்த நாவு பேச்சிழந்தது. 1922ஆம் ஆண்டில் புதுச்சேரியில் அவர் மறைந்தார். மாணவராகிய சண்முகனாருக்கு அப்போது வயது பத்து.

உடன்பிறந்தார் நால்வரும் 1925ஆம் ஆண்டில் தமக்கெனப் பாலஷண்முகானந்த சபையை நிறுவினர். சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என்போர் அந்நால்வர். அங்கே ஆசிரியராக வந்த எம். கந்தசாமி முதலியார், பாடலைக் குறைத்து உரைநடைக்கு முதன்மை தந்த நாடகங்களைப் பயிற்றினார். பம்மல் சம்பந்த முதலியாரின் 'மனோகரா', ஜே. ஆர். ரங்கராஜுவின் கதைகள் முதலியன அவ்வகையின. சுவாமிகளிடம் இசையும் செய்யுளும் கற்ற சண்முகனார், முதலியாரிடம் பேச்சும் முகக்குறிப்பும் கற்றார். ஒன்றைக் கற்க மற்றொன்றை அவர் எறிந்துவிடவில்லை.

இவ்விரு பயிற்சியும் ஒருங்கே வெளிப்பட்டது 1942ஆம் ஆண்டில் அரங்கேறிய 'ஔவையார்' நாடகத்தில். முப்பது வயது ஆடவர், நரைத்துக் கூன் விழுந்த மூதாட்டியாக நடிக்கவேண்டும். நடையும் கை நடுக்கமும் ஒருபுறம் இருக்க, பாட்டே பெருஞ் சோதனை. பயின்ற வித்துவானின் இளங்குரல் ஓரிடத்தில் தலைகாட்டினும் ஔவை மறைந்து பாடகர் தோன்றிவிடுவார். தம் திறமையைக் காட்டும் ஆசையைப் பாத்திரத்தின் பொருட்டு அடக்குதல் எளிதன்று. இசை வல்லவர்க்கு அது இன்னும் அரிது. சண்முகனார் அதனைச் செய்தார். மக்கள் அன்று முதல் அவரை 'ஔவை சண்முகம்' என்றே அழைத்தனர்.

பின்னர் 1961ஆம் ஆண்டில் 'கப்பலோட்டிய தமிழன்' திரைப்படத்தில் சுப்பிரமணிய சிவாவாகத் தோன்றினார். மேலவை உறுப்பினராகவும் விளங்கினார். பத்மஸ்ரீ விருதும் வந்தது. வாழ்க்கை வரலாற்று நூல் வெளிவந்த மறு ஆண்டில், 1973 பிப்ரவரித் திங்களில், அவர் இயற்கை எய்தினார். வேடம் கலைந்து முப்பது ஆண்டு கழிந்த பின்னும், ஊரார் அவர் பெயருக்கு முன் அம்மூதாட்டியின் பெயரையே வைத்து வழங்கினர்.