ரேடாரினால் காற்றை அளத்தல்

ஆறுமுகநேரிப் பிரதேசத்தில் உப்பளக்காரருக்கும், தாம்பிரபரணிப் பாசனத்தில் வாழை வைத்துள்ள மிராசுதார்களுக்கும் காற்றின் போக்கே முதற் கவலையாகும். வறண்ட காற்று உப்பை விளைவிக்கிறது. வேகம் மிகுந்த காற்றோ குலை தள்ளிய வாழையைச் சாய்த்துவிடுகிறது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசையறிந்து பெயரிட்ட நம்மவர், உயரத்திலுள்ள காற்றை அளக்கும் முறையையும் அறிந்துகொள்ளுதல் நலம்.

ரேடார் யந்திரம் வானொலி அலைகளைத் துடிப்புத் துடிப்பாக ஆகாயத்தில் செலுத்துகிறது. அவ்வலை வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் செல்வது. ஆகையால் 150 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மேகத்தில் பட்டு மீள ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஆகும். மீளும் நேரத்தினின்று தூரம் தெரிகிறது. வேகம் தெரிவது எவ்வாறெனில், நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் உச்சஸ்தாயியிலும், விலகும்போது தாழ்ந்தும் ஒலிப்பதை யாவரும் கேட்டிருக்கலாம். டாப்ளர் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி 1842-ல் விளக்கிய இவ்வியல்பு, மழைத்துளியில் பட்டு மீளும் அலைக்கும் உண்டு.

மழை இல்லாத வானத்திலும் காற்றை அளக்கலாம். திருப்பதிக்கு அருகே காதங்கியில் சுமார் 130 மீட்டர் சதுர நிலத்தில் 1024 ஆண்டெனாக்கள் நாட்டிய ரேடார் ஒன்று உள்ளது. அதன் அலை நீளம் ஏறக்குறைய 5.7 மீட்டர். அதில் பாதியளவுள்ள காற்றுச் சுழல்கள் அவ்வலையைச் சிறிது திருப்பி அனுப்புகின்றன. ஒரு திசையில் நோக்கினால், நெருங்குவதும் விலகுவதும் மட்டுமே தெரியும். ஆதலால் நேர் மேலாகவும், நாற்புறம் சாய்த்தும் நோக்கிக் காற்றின் திசையையும் வேகத்தையும் கணக்கிடுகின்றனர். மீண்ட அலையில் பல வேகங்கள் விரவியிருப்பின், அங்கே காற்றுக் கொந்தளிப்பு மிகுதி என்று கொள்ளலாம். சராசரி வேகம் ஒன்றேயாயினும், சீராக வீசும் காற்றுக்கு நிற்கும் வாழை, விட்டுவிட்டு மோதும் காற்றுக்கு முறிவது இக் கொந்தளிப்பினாலேயே.

எனினும் ரேடாருக்கும் எல்லை உண்டு. பூமி உருண்டையாதலால், அரைப் பாகை சாய்வில் செலுத்திய அலை 100 கிலோமீட்டர் தூரத்தில் தரைக்குச் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் செல்லும். அதற்குக் கீழே வயலில் வீசும் காற்று அதன் பார்வைக்கு அகப்படாது. 2023 டிசம்பர் 18-ந் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் அடுத்துள்ள காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததென்று உறுதியாய்க் கூறியது தரையில் வைத்திருந்த மழைமானியே. ரேடாரின் மழைக் கணக்கும் இத்தகைய மழைமானிகளைக் கொண்டே திருத்தப்படுகிறது.

ஆகவே விவசாயிகள் ஐப்பசிக்கு முன்பே வாழைக்கு முட்டுக்கொடுத்து, வடிகால்களைத் தூர் வாரிவிட வேண்டும். மழைமானியுள்ள கிராமங்களின் அதிகாரிகள் நாள்தோறும் காலை 8.30 மணிக்கு மழையளவைத் தவறாது பதிவதுடன், எச்சரிக்கை வந்தவுடன் ஊராருக்கு அறிவித்தலும் அவசியம். வானத்தை யந்திரம் நோக்கும். நிலத்தை நாமே நோக்கவேண்டும்.