கியர் கத்தினால் உடனே பெட்டியைக் கழற்றாதேங்கோ

போன எபிசோடில் பழைய கோட்டை டீபக் செய்வது பற்றிக் கதைத்தோம். அதே வேலையை இரும்பில் செய்தால் எப்படி இருக்கும் என்று இந்த முறை எழுதுறன். துனில் எங்கட நண்பன் ஒருவனின் அப்பாவிடம் ஒரு மொறிஸ் மைனர் 1000 இருக்குது. நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுறது. ஊரில அவற்ற தகப்பனிட்ட இருந்த அதே மொடல். இங்கே வாங்கினது இடப்பக்க ஸ்டியரிங் என்பதால், முதல் கிழமை முழுக்க மாமா இடக் கையால் கதவில கியர் தேடினார்.

பிரச்சினை இதுதான்: ரிவேர்ஸ் போட்டால் 'கர்ர்ர்' என்று கத்தும். நாலில் இருந்து மூன்றுக்கு இறக்கினால் லீவர் முரண்டு பிடிக்கும். குளிர்காலக் காலையில் இன்னும் மோசம். கியர்பொக்ஸ் முடிஞ்சுது, கழற்றித் திருப்பிக் கட்ட வேணும் என்று ஒரு கராஜில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்ன விலைக்குக் காரையே விற்கலாம் என்று மாமா யோசிக்கத் தொடங்கினார்.

எங்கட துறையில முழு சிஸ்டத்தையும் திருப்பி எழுத வேணும் என்று யாராவது சொன்னால் முதலில் என்ன கேட்போம்? பிழை எந்தப் பாதியில என்று. இங்கேயும் அதேதான். கியர் கத்துவதற்குக் காரணம் கிளச்சாக இருக்கலாம், எண்ணெயாக இருக்கலாம், கடைசியாகத்தான் பெட்டிக்குள்ளே இருக்கிற சின்க்ரோ.

முதல் சோதனை, எஞ்சினை நிப்பாட்டிவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பார்ப்பது. பல்லு சந்திக்கவில்லை என்றால் காரைக் கொஞ்சம் முன்னே பின்னே அசைக்கலாம். எல்லாம் விழுந்தது. அப்ப லீவரிலும் உள்ளே இருக்கிற ஃபோர்க்கிலும் பெரிய பிழை இல்லை.

அடுத்தது எஞ்சின் ஓட, கார் நிற்க, கிளச்சை முழுக்க மிதித்து நாலைந்து செக்கன் பொறுத்து ரிவேர்ஸ் போடுவது. ரிவேர்ஸில் சின்க்ரோ கிடையாது. கிளச் ஒழுங்காக விட்டால் அந்த நேரத்துக்குள் உள்ளே சுழல்வது நின்றுவிட வேணும். இங்கே நிற்கவில்லை, கத்தியது. அதாவது கிளச் முழுக்கப் பிரியவில்லை. மைனரில் கிளச்சுக்கு ஹைட்ரோலிக் இல்லை, வெறும் கம்பியும் நெம்புகோலும்தான். அதன் மூட்டுகள் தேயத் தேய பெடலின் வெறும் ஓட்டம் கூடும், கால் தரையைத் தொட்டாலும் தட்டுகள் உரசிக்கொண்டே இருக்கும். காருக்குக் கீழே அந்தக் கம்பியில் இருக்கிற நட்டைத் திருகி, கையேட்டில் சொன்ன அளவுக்கு வெறும் ஓட்டத்தைக் குறைத்தோம். முழுக்க இல்லாமல் செய்யக்கூடாது, பிறகு கிளச் வழுக்கும், கார்பன் ரிலீஸ் பெயரிங்கும் தேயும். அரை மணித்தியால வேலை. ரிவேர்ஸ் சத்தம் நின்றுவிட்டது.

மூன்றாம் கியர் மட்டும் இன்னும் முரண்டு. இதுக்கு சின்க்ரோ என்ன செய்யுது என்று தெரிய வேணும். டொப் கியர் விகிதம் 1, மூன்றாவது 1.412. டொப்பில் எஞ்சின் 2000 சுற்றில் ஓடும்போது, அதே வேகத்தில் மூன்றாவதுக்கு 2824 சுற்று வேணும். அந்த 824 சுற்று வித்தியாசத்தை உங்கட கை லீவரைத் தள்ளுகிற நேரத்துக்குள் ஒரு வெண்கலக் கூம்பு உரசி உரசிச் சமப்படுத்துது. உரச வேண்டும் என்றால் நடுவில் இருக்கிற எண்ணெய்ப் படலம் கிழிய வேணும். எண்ணெய் தடித்திருந்தால் கிழியாது.

வடித்துப் பார்த்தோம். தடிப்பாக, கந்தக மணத்தோடு வந்தது. டிஃபரென்ஷலுக்கு ஊற்றுகிற ஈபி 90 வகை. மைனரின் கியர்பொக்ஸுக்குத் தயாரித்தவர்கள் சொன்னது சாதாரண எஞ்சின் எண்ணெய், எஸ்ஏஈ 30. 'கியர் ஒயில்' என்று போத்தலில் எழுதியிருப்பதால் பலரும் மற்றதை ஊற்றிவிடுகிறார்கள். ஜிஎல்-5 வகையில் இருக்கிற கந்தகச் சேர்மானம் வெண்கலத்துக்கும் கூடாது. தேவையானது 1.3 லீட்டர் அளவுதான். ஒன்று கவனியுங்கோ: ஊற்றுகிற மூடி திறபடுகிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் வடிக்கிற மூடியைக் கழற்ற வேணும். மேல் மூடி இறுகிப்போயிருந்தால் எண்ணெய் இல்லாத காரோடு நிற்பீர்கள்.

வடித்த எண்ணெயில் மெல்லிய பொன்னிறத் தூள் இருந்தது. இந்த வயதுக்கு அது சாதாரணம். இரும்புத் துண்டு வந்திருந்தால் கழற்றத்தான் வேணும், அதில் நான் வாதாட மாட்டன்.

பிறகு கோல்டிவில் ஏற்றத்தில் ஓடிப் பார்த்தோம். மூன்றாவது வெண்ணெய் போல விழுந்தது. இரண்டாவது மட்டும் வேகமாக இறக்கினால் இன்னும் கொஞ்சம் கத்துது. அங்கேதான் மாமா, "தம்பி, கொஞ்சம் தள்ளும்" என்று சொல்லி ஸ்டியரிங்கை வாங்கினார். கிளச் மிதித்து நியூட்ரல், கிளச்சை விட்டு அக்சிலேற்றரில் ஒரு தட்டு, திரும்பக் கிளச், இரண்டாவது. ஒரு சத்தமும் இல்லை. டபிள் கிளச். சின்க்ரோ செய்ய வேண்டிய வேலையைக் காலால் செய்வது. இதில் சத்தம் போனால் தேய்ந்தது சின்க்ரோதான் என்றும் உறுதியாகுது, ஆக இது மூன்றாவது சோதனையும்கூட.

எங்கே பழகினீங்கள் என்று கேட்டேன். 90களில், தடைக்காலத்தில், யாழ்ப்பாணத்தில் ஒஸ்டின் ஏ40களும் மொறிஸ்களும் துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின கதை உங்கட வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். சாமானும் வராது. தேய்ந்த சின்க்ரோவோடுதான் ஓடினதாம்.

இரண்டாவதை அப்படியே விட்டிருக்கிறோம். சுவிஸில் 30 வருடம் தாண்டிய காரை வெட்டரன் என்று பதிந்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 3000 கிலோமீற்றருக்குள்தான் ஓட வேணும், அந்த ஓட்டத்துக்கு மாமாவின் கால் போதும். முதல் கியரிலும் சின்க்ரோ இல்லை என்பதால், சிக்னலில் நிற்கும்போது லீவரை ஒரு தரம் இரண்டாவது பக்கம் தொட்டுவிட்டு முதலாவதுக்குத் தள்ளுங்கோ. உள்ளே சுழல்வது நின்றுவிடும், சத்தமில்லாமல் விழும்.