மூத்தாப்பாவின் கூட்டாளிமார்

அன்புள்ள மருமகனுக்கு,

கட்டாரில் வெயில் கடுமையாம், தண்ணீர் குடிக்க மறவாதே. உன் உம்மா சொல்லச் சொன்னது இது. இனி வருவது நான் சொல்வது.

மூத்தாப்பாவின் படத்தைப் பூவும் புறாவுமாகச் சோடித்து நீ வைத்திருந்த ஸ்டேட்டஸைப் பார்த்தேன். அவர் இருந்து பார்த்திருந்தால், “ஆர்றா இந்தக் கிழவன், கலியாணப் பந்தலுக்குள்ள நிக்கிறான்?” என்று கேட்டிருப்பார். அவர் பேரில் பெரிதாக ஒரு கந்தூரி கொடுக்கவேண்டும், காசு அனுப்புகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். அது கூடும், கூடாது என்று பள்ளிவாசல் திண்ணையில் நடக்கிற வாக்குவாதத்துக்குள் நான் இறங்கமாட்டேன். உன் ஆசை நல்ல ஆசை. ஆனால் அதற்கு முந்திச் செய்யவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது மகன். அதற்குக் காசு வேண்டாம், ஆள்தான் வேண்டும்.

மூத்தாப்பா பெரிய போடியார் இல்லை. கொஞ்சம் வயல், ஒரு பழைய சைக்கிள், அவ்வளவுதான். கல்லோயாத் தண்ணீர் இங்கினியாகலையில் இருந்து இறங்கி, எத்தனையோ வட்டைகளைத் தாண்டி, கடைசியில்தான் நம் பக்கம் எட்டிப்பார்க்கும். மேல் வயல்காரன் மனம் வைத்தால்தான் கீழ் வயல்காரனுக்கு வேளாண்மை. பகையை வளர்த்துக்கொண்டு அங்கே ஒருவனும் விதைத்து அறுக்க ஏலாது. மனிசரைச் சேர்த்துவைக்கிற பழக்கம் அவருக்கு அந்த வரம்பில் வந்ததென்றுதான் நினைக்கிறேன்.

காரைதீவில் அவருக்கு ஒரு கூட்டாளி. விபுலானந்த அடிகள் பிறந்த ஊர்க்காரன் என்ற பெருமை அந்த மனிதருக்குக் கொஞ்சம் கூடுதல்தான். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்து நம் வீட்டுக் கூரை போனது. விழுந்த தென்னைகளைத் தாண்டித் தாண்டி, கையில் கத்தியோடு அவர் வந்து நின்றார். சாய்ந்த மரங்களின் ஓலையை வெட்டி, மூத்தாப்பாவும் அவரும் முற்றத்தில் குந்தியிருந்து கிடுகு பின்னினார்கள். 1985 ஏப்ரல் கலவரத்தில் தமிழரும் சோனகரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பயந்தபோது, வீதி கொஞ்சம் அமைதியானதும் முதல் வேலையாக மூத்தாப்பா கரியரில் அரிசியைக் கட்டிக்கொண்டு காரைதீவுக்குப் போனார். மூத்தம்மா அழுதும் அவர் நிற்கவில்லை. அதற்குப் பிறகும் பொங்கலுக்கு அங்கிருந்து பொங்கல் வரும், பெருநாளைக்கு இங்கிருந்து தொதல் போகும். அந்தத் தொதலில் பாதியை வழியிலேயே தின்று தீர்த்த ஒருத்தர் இப்போது கட்டாரில் இருக்கிறார்.

உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்களின் மகனார் மக்காவுக்குப் போகும் வழியில் ஒரு நாட்டுப்புற அரபியைக் கண்டு, தான் ஏறிவந்த கழுதையையும் தலைப்பாகையையும் அவருக்குக் கொடுத்த கதையை நீ மதரஸாவில் ஓதியிருப்பாய். கூட இருந்தவர்கள் வியந்து கேட்டபோது, அந்த அரபியின் தகப்பனார் தன் வாப்பாவின் கூட்டாளி என்றுதான் அவர் சொன்னார். தகப்பன் நேசித்தவர்களோடு உறவைத் தொடர்வது மிக உயர்ந்த நன்மை என்பது நமக்குக் கிடைத்த நபிமொழி. முந்திச் செய்யவேண்டும் என்று நான் சொன்ன காரியமும் அதுதான்.

இன்னொன்றும் சொல்கிறேன். மூத்தாப்பாவின் ஜனாஸாத் தொழுகைக்கு முன் நான் எழும்பி, “வாப்பா ஆருக்கும் கடன்பட்டிருந்தால் என்னிடம் வாருங்கள்” என்று சொன்னபோது ஒருவரும் வரவில்லை. வட்டை விதானைக்குக் கொடுக்கவேண்டியதில் இருந்து தேநீர்க் கடைப் பாக்கிவரை, எல்லாம் அவருடைய கொப்பியில் எழுதி, கொடுத்து, கீறி முடித்திருந்தது. நீயும் ஒரு கொப்பி வைத்துக்கொள். ரூம் கூட்டாளியிடம் வாங்கும் பத்து ரியாலையும் எழுது. வாங்கியவன் மறப்பான், கொடுத்தவன் மறக்கமாட்டான்.

கொப்பியின் பின்பக்கத்தை மூத்தாப்பாவுக்கு ஒதுக்கு. அவரைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் அதில் எழுதிவை. என்னிடம் கேட்டால் வாப்பாவைத்தான் சொல்வேன், உன் உம்மாவிடம் கேட்டால் அழுதுவிடுவாள். அவரைக் காளைப் பருவத்தில் கண்டவர்கள் அந்தக் கூட்டாளிமார் மட்டும்தான். கரைவலை இழுத்த கிழவர் ஒருவர் இன்னும் கடற்கரைப் பக்கம் இருக்கிறார். சுனாமி வீட்டைக் கொண்டுபோனபோது அவரும் குடும்பமும் நம் மண்டபத்தில்தான் படுத்திருந்தார்கள். அவரிடம் கேள், நிறையச் சொல்வார், கொஞ்சம் பொய்யும் கலப்பார். அதையும் எழுது.

காரைதீவு ஐயாவின் நம்பரைத் தனியே அனுப்புகிறேன். காது மந்தம், பலத்துப் பேசு. உன் பேரைச் சொல்லாதே, இன்னாரின் பேரன் என்று சொல். லீவில் வரும்போது மாமியார் வீட்டுக்குப் பெட்டி கட்டுவதற்கு முந்தி அவருக்கு ஒரு சால்வை வாங்கு. கந்தூரியை அடுத்த வருசமும் கொடுக்கலாம், அந்த மனிதருக்கு அடுத்த வருசம் நிச்சயமில்லை. வெள்ளிக்கிழமை உனக்கு வேலை இல்லைதானே, ஜும்ஆ முடிந்ததும் கோல் எடு.

வஸ்ஸலாம்.

உன் மாமா,
நிந்தவூர்.