மென்பொருளுக்கு முன்னால் ஒரு வாட்ஸ்அப் குழு

திருப்பூரில் ஒரு பனியன் துணி தைக்கப் போவதற்குள் நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று பல யூனிட்டுகளுக்குப் போய்வரும். ஒவ்வொரு முறையும் ஒரு டெலிவரி சலான், ஊர்ப்பேச்சில் டிசி. அந்த டிசிக் கணக்கைப் பார்க்கும் மென்பொருளைத்தான் நான் விற்கிறேன். அதில் ஒரு வரி எழுதும் முன்பே, அதை வாங்கக்கூடியவர்களை ஒரு வாட்ஸ்அப் குழுவில் திரட்டத் தொடங்கிவிட்டேன். அதில் எனக்குப் பலன் தந்த சில வழிகள் இவை.

வேலையில் உறுத்துவதைப் பிடியுங்கள்

“விரைவில் வருகிறது” என்ற அறிவிப்புக்காக யாரும் குழுவில் சேரமாட்டார்கள். அன்றாடத் தலைவலிக்குப் பதில் கிடைக்கும் என்றால் சேர்வார்கள். இப்படி வெளி யூனிட்டுக்கு ஜாப் ஒர்க்காக அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. அந்த விவரத்தை ஐடிசி-04 படிவத்தில் காட்ட வேண்டும். 2021 அக்டோபர் முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கு இது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. மற்றவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் 25 கெடு நெருங்கும்போது கணக்கர்கள் பழைய டிசிகளைத் தேடி அலைவார்கள். அதனால் மார்ச் கடைசியில் குழுவைத் தொடங்கி, அந்தக் கணக்கைப் போடும் எக்செல் தாளை இலவசமாகக் கொடுத்தேன்.

2024 தொடக்கத்தில் வருமான வரியின் 43பி(எச்) பிரிவு ஊரெங்கும் பேச்சானது. சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டியதை உரிய கெடுவுக்குள், அதிகபட்சம் 45 நாளில், தராவிட்டால் பணம் கொடுத்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். ஒரு ஆடிட்டரை அழைத்து வந்து குழுவில் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வைத்தேன். என் மென்பொருளைப் பற்றி அன்று மூச்சு விடவில்லை. அதிகம் பேர் சேர்ந்தது அந்த வாரத்தில்தான்.

முதல் ஆட்களை நேரில் சேருங்கள்

வலைப்பதிவர்களான ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் 2008இல் நிரலாளர்களுக்கான கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைத் தொடங்கியபோது, அவர்கள் எழுத்தைப் பல ஆண்டுகளாகப் படித்துவந்த நிரலாளர்கள் தயாராக இருந்தார்கள். தளத்தின் பெயரைக்கூட வாசகர் வாக்கெடுப்பில்தான் தேர்ந்தெடுத்தார்கள். நம்மை யாருக்கும் தெரியாது என்றால் யூனிட் யூனிட்டாக ஏறி இறங்குவதுதான் வழி. கணக்கர் மேசையருகே உட்கார்ந்து, அவர் நோட்டில் எதை எப்படி எழுதுகிறார் என்று பார்த்துவிட்டுப் பிறகு அவரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யார் பக்கத்தில் யார் என்று பாருங்கள்

டையிங் முதலாளியும் அவருக்குத் துணி கொடுக்கும் பார்ட்டியும் ஒரே குழுவில் இருந்தால் காலை வணக்கத்தைத் தாண்டிப் பேச்சு நகராது. ரேட், பாக்கி, புராசஸ் லாஸ் (சாயமிடும்போது குறையும் எடை) மூன்றும் அவர்களுக்குள் தீராத வழக்கு. கணக்கர்களுக்குத் தனிக் குழு வைத்தபின்தான் வாய் திறந்தார்கள். முதலாளிகள் பலருக்குத் தங்கள் எண் நாலு பேருக்குத் தெரிவது பிடிக்காது. வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புப் பகுதியில் உறுப்பினர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது என்பதால் அவர்களை அங்கே வைத்தேன்.

அவர்கள் சண்டையிலிருந்து கட்டுங்கள்

நான் வரைந்து காட்டிய முதல் திரையைப் பார்த்த மூத்த முதலாளி ஒருவர், “தம்பி, கிலோ மட்டும் போட்டா ஆகாதுங்க. ரோலு எத்தனைன்னும் இருக்கோணும். சாயம் போட்டா எடை குறையும், ரோலு குறையுமா?” என்றார். துணி எங்கே காணாமல் போனது என்பதை அப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். திரையில் கிலோவும் ரோலும் அருகருகே வந்தது இதனால்தான். எதை முதலில் கட்டுவது என்று தடுமாறினால், குழுவில் எந்த விஷயத்தில் வாக்குவாதம் நீள்கிறது என்று பாருங்கள்.

பாராட்டை வரவில் எழுதாதீர்கள்

“சூப்பர் தம்பி, உடனே போடுங்க” என்பவர் வாங்குவார் என்று நிச்சயமில்லை. பிடிக்காவிட்டால் திருப்பித் தருவதாகச் சொல்லி ஒரு சிறு முன்பணம் கேளுங்கள். நான் கேட்டபோது, அதிகம் பேசியவர்கள் பலர் ஒதுங்கினார்கள். அதுவரை ஒரு வார்த்தை பேசாத சிலர் ஜிபேயில் அனுப்பினார்கள்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. மென்பொருள் தேவைப்படுவது கணக்கருக்கு. காசு கொடுப்பது முதலாளி. எந்த யூனிட்டில் எத்தனை கிலோ நிற்கிறது என்ற ஒரு பக்க அறிக்கையை எக்செல் தாளிலேயே வருமாறு செய்து கொடுத்தேன். கணக்கர் அதை அச்சிட்டு முதலாளி மேசையில் வைத்தார். பாதி விற்பனையை அந்தக் காகிதமே செய்துவிட்டது.

விற்பனையை எப்போது தொடங்கலாம்?

ஒரு வாரம் குழுவில் நீங்கள் எதுவும் சொல்லாமல் இருந்து பாருங்கள். ஒருவர் கேள்விக்கு இன்னொருவர் பதில் சொல்கிறார் என்றால், கையில் முன்பணமும் இருக்கிறது என்றால், தொடங்கலாம். தொடங்கியபின் வாங்காதவர்களைக் குழுவிலிருந்து நீக்காதீர்கள். விலைப்பட்டியலை அங்கே தினமும் போடாதீர்கள். இன்று இலவசத் தாளோடு நிற்பவர், அடுத்த ஏப்ரலில் டிசி குவிந்ததும் தானே அழைப்பார்.