பழைய பிரித்தானிய கிளாரினெட்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை



பிள்ளை பள்ளி இசைக்குழுவில் சேர்ந்தவுடன் வரும் கேள்வி, வாத்தியத்துக்கு எங்கே போவது என்பதுதான். புதியது விலை கூட. ஆக்லாந்தில் பழைய பொருட்கள் விற்கும் கடைகளிலும் ட்ரேட் மீயிலும் லண்டனில் செய்த பழைய கிளாரினெட்டுகள் மலிவாகக் கிடைப்பதுண்டு. நானும் என் மகளுக்கு அப்படி ஒன்று வாங்கினேன். கறுப்பு மரம், மின்னும் சாவிகள், நீல வெல்வெட் பெட்டி. முதல் ஒத்திகையிலேயே ஆசிரியை, "இது எங்களோடு சேராது" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த பிள்ளை பெட்டியைத் திறக்கவே இல்லை. பிழை அவளுடையது அல்ல, பார்க்காமல் வாங்கிய என்னுடையது. மற்றவர்களுக்கு அது நேராதிருக்க இந்தப் பாடம்.

கிளாரினெட் நமக்குப் புதிய வாத்தியம் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் தஞ்சை மகாதேவ நட்டுவனார் அதைச் சதிர் மேளத்தில் சேர்த்தார். பின்னர் ஏ. கே. சி. நடராஜன் அதைக் கச்சேரி மேடையின் முதன்மை வாத்தியமாக உயர்த்தினார். 2008இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதும் 2022இல் பத்மஸ்ரீ விருதும் அவருக்குக் கிடைத்தன.

1. சுருதி

முதலில் பார்க்க வேண்டியது இதுவே. முற்காலத்தில் பிரித்தானிய இராணுவ பாண்டு வாத்தியக் குழுக்கள் உயர்ந்த சுருதியில் வாசித்தன. இன்று 'ஏ' ஸ்வரத்துக்கு 440 அதிர்வு. அந்த உயர் சுருதியில் ஏறக்குறைய 452. வித்தியாசம் கிட்டத்தட்ட அரைக் கட்டையில் பாதி. இராணுவக் குழுக்கள் 1920களின் இறுதியில் அதைக் கைவிட்டன. பித்தளை வாத்தியக் குழுக்கள் 1960கள் வரை வைத்திருந்தன. அந்தச் சுருதிக்குச் செய்த கிளாரினெட் சற்றுக் குட்டையானது. மூட்டை வெளியே இழுத்துச் சரிசெய்ய முயன்றால், துளைகள் இருக்கும் இடம் மாறாததால் ஒரு ஸ்வரம் சேரும், மற்றொன்று விலகும். உடலில் 'எச்பி' முத்திரை இருந்தால் உயர் சுருதி, 'எல்பி' என்றால் தாழ் சுருதி. முத்திரை இல்லாவிட்டால், சிறிது நேரம் ஊதிச் சூடாக்கியபின் சுருதி காட்டும் கருவியால் சோதிக்கவும்.

2. எந்த வகை?

பள்ளிக்கு வேண்டியது 'பி பிளாட்' கிளாரினெட். 'ஏ' கிளாரினெட் அதைவிடச் சற்று நீளம். அது பள்ளியில் பயன்படாது. முத்திரை எழுத்தைப் பாருங்கள். சாவி அமைப்பிலும் இரு வகை உண்டு. இன்றைய ஆசிரியர்கள் கற்பிப்பது போம் முறை. பொதுவாக அதில் 17 சாவிகள், 6 வளையங்கள். பழைய சிம்பிள் முறையில் சாவிகளும் வளையங்களும் குறைவு, விரல் பிடிப்பும் வேறு.

3. உடல்

நல்லவை ஆப்பிரிக்கக் கருமரத்தால் ஆனவை. மேல் பகுதியை வெளிச்சத்தில் திருப்பி, துளைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கவும். தேர்ந்தவர் அதைச் சரிசெய்யலாம், ஆனால் விலை குறைய வேண்டும். பழுப்பும் பச்சையுமாக வெளுத்திருந்தால் பெரும்பாலும் அது மரம் அல்ல, எபோனைட் என்ற கெட்டி ரப்பர். மேல், கீழ்ப் பகுதிகளில் ஒரே எண் இருக்க வேண்டும். வேறுபட்டால் இரண்டு வாத்தியங்களை ஒட்டுப்போட்டிருக்கலாம்.

4. காற்றும் சாவியும்

மேல் பகுதியின் துளைகளை இடக்கை விரல்களால் மூடி, அடிவாயை வலது உள்ளங்கையால் அடைத்து, மேல்வாயில் மெதுவாக உறிஞ்சவும். சில விநாடிகள் இறுக்கம் நின்றால் நல்லது. உடனே விட்டுவிட்டால் காற்றுக் கசிகிறது. பேடுகளை மாற்ற வேண்டும். பழுதுபார்க்கும் செலவு வாத்தியத்தின் விலையை மிஞ்சக்கூடும், ஆகவே முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மலிவான சில வாத்தியங்களின் வார்ப்புச் சாவிகள் உடைந்தால் ஒட்ட முடியாது.

5. பெயரும் விலையும்

பூசி, ஹாக்ஸ் என்ற இரு நிறுவனங்கள் 1930இல் இணைந்து பூசி அண்ட் ஹாக்ஸ் ஆயின. அவர்களின் ரீஜன்ட் மாணவர்களுக்காகச் செய்தது. பெயருக்காக அதிகம் கொடுக்க வேண்டாம். இம்பீரியல் 926, 1010 ஆகியவை தொழில்முறைக் கலைஞருக்கானவை. ஜாக் பிரைமர் வாசித்தது 1010. அதன் உள்துளை சுமார் 15.2 மில்லிமீட்டர், வழக்கத்தைவிட அகலம். அதற்கேற்ற ஊதுவாய் இல்லையென்றால் சுருதி சேராது. ஆகவே மூல ஊதுவாய் உடனிருந்தால் மதிப்புக் கூடும்.

முடிந்தால் ஆசிரியரிடம் காட்டியபின் பணம் கொடுங்கள். திருப்பித் தர அனுமதியும் கேளுங்கள்.

எங்கள் கிளாரினெட் என்னவாயிற்று? அதில் 'எச்பி' முத்திரை இருந்தது. மகளுக்குப் பள்ளியிலிருந்து வேறொன்று வாடகைக்கு எடுத்தோம். நம் இசையிலோ வாத்தியத்துக்கேற்பச் சுருதியை வைத்துக்கொள்ளலாம் அல்லவா? மின்சாரச் சுருதிப் பெட்டியின் நுண்திருகைச் சிறிது உயர்த்தியதும் பழைய வாத்தியம் சேர்ந்துகொண்டது. இப்போது வெள்ளிக்கிழமை மாலைகளில் அவள் அதில் மாயாமாளவகௌளை வரிசைகள் வாசிக்கிறாள். பள்ளிக்கு உதவாதது வீட்டுக்கு உதவிற்று. ஆனாலும் எது எதற்கு என்று அறிந்து வாங்குவதே நலம்.