ஒவ்வொரு சோதனைக்கும் கழுவின குடுவை
(கணினிப் பக்கம்)

கெமிஸ்ட்ரி லேப்பில் டைட்ரேஷன் செய்திருப்பீர்கள். ப்யூரெட்டில் பொட்டாசியம் பர்மாங்கனேட் ஊற்றியாச்சு. முதல் ரீடிங் எடுத்தாச்சு. அடுத்த ரீடிங்குக்கு கூம்புக் குடுவையை ஏன் வாலை வடிநீரில் கழுவச் சொல்கிறார்கள்? கழுவாமல் விட்டால் முந்தின சோதனையில் மிச்சமான பர்மாங்கனேட், நீங்கள் இன்னும் ப்யூரெட்டைத் திறக்காத போதே புதுக் கரைசலோடு சேர்ந்து வேலையை ஆரம்பித்துவிடும். ரீடிங் குறைஞ்சு வரும். தப்பு கரைசலிலும் இல்லை, கணக்கிலும் இல்லை. குடுவையில்!

இன்னொன்றையும் கவனியுங்கள். குடுவையை ஒவ்வொரு தடவையும் கழுவுகிறோம். ப்யூரெட் ஸ்டாண்டை ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்டுகிறோமா? இல்லை. பர்மாங்கனேட் கரைசலைப் புதுசா தயாரிக்கிறோமா? அதுவும் இல்லை. சிலது பொது, சிலது தனி. கம்ப்யூட்டர் புரோகிராமைச் சோதிக்கிறதிலும் இதே கதைதான்.

புரோகிராம் எழுதி, ரன் பண்ணி, விடை சரியா வந்தா "ஓகே" என்று விட்டுவிடுவோம். கம்பெனிகளில் அப்படி விட மாட்டார்கள். ஒவ்வொரு சின்ன ஃபங்ஷனுக்கும் அதைச் சோதிக்கிற இன்னொரு சின்ன புரோகிராம் எழுதுவார்கள். இதுதான் யூனிட் டெஸ்ட். ஒரு கட்டளை கொடுத்தால் நூற்றுக்கணக்கான டெஸ்ட்டும் தானாக ஓடி, எது பாஸ், எது ஃபெயில் என்று சொல்லிவிடும். கென்ட் பெக் என்பவர் ஸ்மால்டாக் மொழிக்கு இதை முதலில் செய்தார். 1997-ல் அவரும் எரிக் காமாவும் சூரிக்கிலிருந்து அட்லாண்டாவுக்கு விமானத்தில் போகும்போதே ஜாவாவுக்கான ஜேயூனிட்டை எழுதத் தொடங்கினார்கள். (நாம் பஸ்ஸில் மதுரை போய்ச் சேரும்வரை என்ன செய்கிறோம்? தூக்கம்தான்!) அதே வழியில் வந்த யூனிட்டெஸ்ட், 2001-ல் வெளிவந்த பைத்தான் 2.1 முதல் பைத்தானுடனேயே கிடைக்கிறது. தனியா எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம். நம்ம லேப் கம்ப்யூட்டரிலும் இருக்கும்.

நம்ம ஊர் உதாரணம் ஒன்று. போடியில் ஏலக்காயை ஏலம் விடுவது எல்லோருக்கும் தெரியும் (ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது பாருங்கள்). அதற்கு ஒரு சின்ன புரோகிராம்: லாட் லாட்டாகச் சேர்க்க வேண்டும், மொத்தம் எத்தனை கிலோ என்று சொல்ல வேண்டும். முதல் டெஸ்ட் 50 கிலோ லாட் ஒன்றைச் சேர்த்து, மொத்தம் 50 வருதா என்று பார்க்கிறது. பாஸ். இரண்டாவது டெஸ்ட் 30 கிலோ லாட் சேர்த்து, 30 வருதா என்று பார்க்கிறது. ஃபெயில்! 80 என்று வருகிறது. ஏன்? இரண்டு டெஸ்ட்டும் ஒரே லிஸ்ட்டைத் தொட்டிருக்கின்றன. கழுவாத குடுவை.

இதில் ஒரு விசித்திரம், இரண்டாவது டெஸ்ட்டைத் தனியா ஓடவிட்டா பாஸ் ஆகும். கூட்டத்தோட ஓடினா மட்டும் ஃபெயில். பைத்தான் டெஸ்ட்களைப் பெயரின் அகர வரிசையில் ஓடவிடுவதால், ஒரு பெயரை மாற்றினாலே முடிவு மாறலாம். இதைவிட மோசமானது இதற்கு நேர்மாறு. முந்தின டெஸ்ட் மிச்சம் வைத்துப் போனதை வைத்து அடுத்தது பாஸ் ஆகிவிடும். புரோகிராமில் தப்பு இருக்கும், திரையில் ஓகே என்று வரும். ஏலத்தில் விவசாயியின் மூட்டைக் கணக்கு அந்த புரோகிராமை நம்பித்தானே இருக்கும்?

இதற்குத்தான் செட்அப், டியர்டவுன் என்று இரண்டு ஃபங்ஷன்கள். செட்அப்பை ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் முன்னால் பைத்தானே கூப்பிடும். புது லிஸ்ட் போடும் வரியை அங்கே ஒரு தடவை எழுதினால் போதும், பத்து டெஸ்ட்டிலும் திரும்ப எழுத வேண்டாம். டியர்டவுன் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் பின்னால் ஓடும். சிஎஸ்வி கோப்பு ஒன்றை உருவாக்கிச் சோதிக்கிறோம் என்றால், அதை அழிக்கிற வேலை இங்கே. 'அதை டெஸ்ட்டின் கடைசி வரியிலேயே எழுதிட்டா என்ன?' என்று கேட்கலாம். டெஸ்ட் நடுவில் ஃபெயில் ஆனால் கடைசி வரிக்குப் போகவே போகாது. டியர்டவுன், டெஸ்ட் ஃபெயில் ஆனாலும் ஓடும். அதுதான் வித்தியாசம்.

ஆனா ஒரு ஓட்டை இருக்கு. செட்அப்பே நடுவில் முறிந்துவிட்டால் டியர்டவுன் ஓடாது. கோப்பைத் திறந்தாச்சு, அடுத்த வரியில் பிழை, அப்போ யார் மூடுவது? அதற்கு ஆட்கிளீன்அப் இருக்கிறது. ஒவ்வொரு பொருளையும் எடுத்தவுடனே "இதை இப்படித் திருப்பி வை" என்று பதிந்துவிட வேண்டும். செட்அப் முறிந்தாலும் அதுவரை பதிந்ததெல்லாம் நடக்கும். அதுவும் தலைகீழ் வரிசையில். வேனில் கடைசியாக ஏற்றின மூட்டைதானே முதலில் இறங்கும்?

இப்போது ப்யூரெட் ஸ்டாண்டுக்கு வருவோம். தமிழ்ச் சொற்களைக் கையாள ஓப்பன்-தமிழ் என்று பைத்தானில் ஒரு திறந்த மூல நூலகம் இருக்கிறது. பைத்தானிடம் 'தேனி' என்ற சொல்லின் நீளம் கேட்டால் 4 என்று சொல்லும், 'கம்பம்' என்றால் 6. துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாத்தையும் தனியா எண்ணுகிறது. நம்ம தமிழம்மா கணக்கில் 2, 4. இந்தச் சரியான கணக்கை ஓப்பன்-தமிழ் கொடுக்கும். நாமே ஒரு எழுத்துப்பிழை திருத்தி எழுதுகிறோம் என்று வையுங்கள். ஆயிரக்கணக்கான சொற்கள் உள்ள பட்டியலைக் கோப்பிலிருந்து ஏற்ற வேண்டும். அதைச் செட்அப்பில் வைத்தால் 100 டெஸ்ட்டுக்கு 100 தடவை ஏறும். டீ குடிச்சிட்டே வரலாம். செட்அப்கிளாஸில் வைத்தால் அந்த வகுப்பிற்கே ஒரு தடவைதான் ஏறும். முடிந்தபின் டியர்டவுன்கிளாஸ் ஒரு தடவை.

ஆனால் அந்தப் பட்டியலை எல்லா டெஸ்ட்டும் படிக்கலாம், ஒன்றும் அதில் எழுதக் கூடாது. ஒரு டெஸ்ட் 'ஏலக்காய்' என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால் அடுத்த டெஸ்ட்டுக்கும் அது தெரியும். மறுபடி கழுவாத குடுவைதான். மாற்ற வேண்டிய டெஸ்ட் தனக்கென்று ஒரு நகல் எடுத்துக்கொள்ளட்டும்.

டேட்டாபேஸ் என்றால் இன்னும் சுலபம். நம்ம ப்ளஸ் டூ பாடத்தில் வரும் எஸ்க்யூலைட்டில் கோப்புப் பெயருக்குப் பதில் 'மெமரி' என்ற சொல்லை இரண்டு பக்கமும் முக்காற்புள்ளி வைத்துக் கொடுத்தால் (ஆங்கில எழுத்தில்), டேட்டாபேஸ் ரேமிலேயே உருவாகும். கனெக்ஷனை மூடினால் மறைந்துவிடும். செட்அப்பில் திற, டியர்டவுனில் மூடு, அவ்வளவுதான். அழிக்கக் கோப்பே கிடையாது.

எல்லாத்தையும் செட்அப்பில் கொட்டுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்று டெஸ்ட்டுக்கு மட்டும் தேவையானதை இருபது டெஸ்ட்டுக்கும் தயார் செய்வது வீண். படிக்கிறவரும் ஒரு டெஸ்ட்டைப் புரிந்துகொள்ள மேலே கீழே ஓட வேண்டியிருக்கும். டாட்நெட்டுக்கான எக்ஸ்யூனிட்டை எழுதியவர்கள் செட்அப், டியர்டவுன் என்ற தனி ஏற்பாட்டையே வைக்கவில்லை. கன்ஸ்ட்ரக்டர்தான் தயாரிப்பு, டிஸ்போஸ்தான் சுத்தம். நம் பாடத்தில் கன்ஸ்ட்ரக்டர் படித்தவர்களுக்கு இது சட்டெனப் புரியும். பைத்தானிலும் யூனிட்டெஸ்ட் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் அந்த வகுப்பின் புது ஆப்ஜெக்ட்டைத்தான் உருவாக்குகிறது. அதனால்தான் செல்ஃப் என்று போட்டு வைத்த லிஸ்ட் அடுத்த டெஸ்ட்டுக்குப் போகாது. வகுப்பின் மேல் நேரடியாக எழுதிய லிஸ்ட் போகும்.

உங்கள் டெஸ்ட்களில் குடுவை கழுவியிருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி. முதலில் எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாக. கடைசியாக, பெயர்களை மாற்றி வரிசையைத் தலைகீழாக்கி ஒரு தடவை. மூன்றிலும் ஒரே முடிவு வராத டெஸ்ட் எதுவோ, அதன் முந்தின டெஸ்ட்டைத் திறந்து பாருங்கள்.