உப்புக் காற்றில் எந்த ரீல் நிற்கும்?

மீன்பிடி ரீல் வாங்கக் கடைக்குப் போகிறவர் முதலில் கைப்பிடியைச் சுற்றிப் பார்ப்பார். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடினால் அப்போதே பாதி மனம் முடிவாகிவிடும். கடைக்காரருக்கும் இது தெரியும். அதனால்தான் விலை கூடிய ரீலை முதலில் எடுத்துக் கையில் கொடுப்பார். லைனில் பாரம் இல்லாமல், புது கிரீஸோடு, ஏசி ஓடும் கடைக்குள் சுற்றினால் 3,000 ரூபாய் ரீலும் ஓரளவு நன்றாகவே ஓடும். அதே ரீல் எண்ணூர்ப் பக்கத் தூண்டில் வளைவுகளின் பாறை மேல் ஒரு வாடைக் காலத்தைக் கழித்துவிட்டு வந்தபின் எப்படிச் சுற்றுகிறது என்று பார்த்தால்தான் அதன் குணம் தெரியும்.

ஷிமானோவா, டைவாவா, பென்னா என்ற வாதம் தூண்டில்காரர்கள் கூடுகிற இடமெல்லாம் நடக்கிறது. வாதிடுகிறவர்கள் பெரும்பாலும் வழுவழுப்பைப் பற்றியும் மீன் இழுக்கும்போது லைனை இறுக்கிப் பிடிக்கும் டிராக் எத்தனை கிலோ என்பதைப் பற்றியுமே பேசுகிறார்கள். கடலோரத்தில் பல ரீல்களைப் பிடித்தும் பிரித்தும் பார்த்ததில் எனக்குப் பட்டது வேறு. உப்பு எப்படியும் உள்ளே போகும். போனபின் அந்த ரீலை யார் திறக்கலாம், திறந்தால் மாற்றுவதற்கு உதிரி எங்கே கிடைக்கும்? கம்பெனிகளுக்குள் உள்ள உண்மையான வித்தியாசம் இதில்தான் இருக்கிறது.

பென்னின் கதை இதற்கு நேராகப் பொருந்தும். ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஓட்டோ ஹென்ஸே 1932இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய கம்பெனி அது. 1936இல் வந்த 'செனட்டர்' ரீல் பெரிய மீனுக்கென்று செய்த முரட்டு யந்திரம். அழகுக்காக அதை யாரும் வாங்கியதில்லை. ஸ்க்ரூ டிரைவரும் பொறுமையும் இருந்தால் வீட்டு மேசையிலேயே முழுதாகப் பிரித்து மாட்டலாம். அதனால்தான் தாத்தா வாங்கிய செனட்டரைப் பேரன் இன்றும் படகில் கட்டுகிறான். பிறகு வந்த ஸ்பின்ஃபிஷர் வரிசையிலும் இதே புத்தி. 704இசட் போன்ற பழைய மாடல்களை அமெரிக்கக் கிழக்குக் கரையில் அலைக்குள் நின்று மீன் பிடிப்பவர்கள் இன்னும் விடவில்லை. பெட்டிக்குள்ளேயே பாகங்களின் வரைபடமும் ஒவ்வொரு பாகத்துக்கும் எண்ணும் இருக்கும். இந்த ஒரு தாளுக்காகவே பென்னுக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன். குறையும் உண்டு: கனமான ரீல்கள். காலையிலிருந்து வெயில் ஏறும்வரை லூர் என்ற செயற்கை இரையை வீசினால் மணிக்கட்டு சொல்லிவிடும்.

ஷிமானோ வந்த வழி வேறு. ஒசாகா பக்கத்தில் இருக்கும் சகாய், கத்திக்கும் இரும்பு வேலைக்கும் பேர்போன ஊர். அங்கே 1921இல் சைக்கிளின் ஃப்ரீவீல் செய்யத் தொடங்கிய பட்டறைதான் பிறகு ஷிமானோ ஆனது. மீன்பிடிக் கருவிகளுக்கு அது வந்தது 1970இல். உலோகத்தைச் சூடாக்காமல் அழுத்தி வடிவம் கொடுக்கும் முறையைச் சைக்கிள் பாகங்களில் நன்றாகப் பழகிய கம்பெனி அதையே ரீல் கியருக்கும் கொண்டுவந்தது. 1992இல் வந்த 'ஸ்டெல்லா'வைச் சுற்றிப் பார்த்தவர்கள் ஏன் மறப்பதில்லை என்பதற்கு அந்த கியர்தான் காரணம். கடலுக்கென்று வரும் பெரிய ஸ்டெல்லாக்களின் விலை இங்கே 1 லட்சம் ரூபாய் அளவில் நிற்கிறது. ஆனால் பல் நுணுக்கமான கியருக்குச் சின்னத் தூசும் பெரிய விஷயம். ஓர் உப்புக் கட்டி உள்ளே போனால் முரட்டு ரீலில் தெரியாது. இதில் கைப்பிடியில் உடனே தெரியும். நல்ல ரீல் கெட்டுவிட்டதாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம், சர்வீஸுக்கு நேரம் வந்துவிட்டது என்று கையே சொல்கிறது.

டைவா உப்பை வாசலிலேயே நிறுத்தப் பார்த்தது. காந்தத்துக்குக் கட்டுப்படும் திரவம் ஒன்றை அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1960களில் உருவாக்கியது. எடையில்லாத வெளியில் எரிபொருளை இழுத்துவர உதவும் என்ற யோசனை. அந்த வகை எண்ணெயை, லைனைச் சுற்றும் ரோட்டருக்குக் கீழே ஒரு மெல்லிய வளையமாகக் காந்தம் பிடித்து நிறுத்தினால் சுழற்சிக்கு உரசல் இருக்காது, தண்ணீரும் தாண்டாது. 2010இல் டைவா கொண்டுவந்த 'மேக்சீல்டு' இதுதான். அருமையான யோசனை, வேலையும் செய்கிறது. ஆனால் அந்த இடத்தைச் சொந்தமாகப் பிரிக்க வேண்டாம் என்று கம்பெனியே சொல்கிறது. பிரித்தால் வளையம் கலைந்துவிடும். சாதாரண எண்ணெய் பட்டாலும் போச்சு. சர்வீஸ் மையம் பக்கத்தில் இருக்கிற ஊர்க்காரருக்கு இது வரம். நாகப்பட்டினத்தில் இருக்கிறவர் யோசித்துத்தான் வாங்க வேண்டும். இதே டைவாவின் 'பிஜி' வரிசையில் இந்தக் காந்த எண்ணெய் கிடையாது. அலுமினிய உடம்பு, பெரிய கியர், திறக்கச் சுலபம். விலைக்கு உழைக்கும் ரீல் எது என்று புதிதாக வருகிறவர் கேட்டால் 2016இல் மறுபிறவி எடுத்த அந்த பிஜியின் பெயரைத் தயங்காமல் சொல்லலாம்.

பெட்டி மேல் ஐபிஎக்ஸ்5, ஐபிஎக்ஸ்6 என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. முதலாவது நான்கு பக்கமிருந்தும் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும் என்பதற்கான குறி. இரண்டாவது அதைவிட வேகமான பீய்ச்சலைத் தாங்கும். பென்னின் ஸ்பின்ஃபிஷரும் ஸ்லாமரும் இந்தக் குறிகளோடு வருகின்றன, அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் சோதனை நடப்பது புது ரப்பர் சீலில், நல்ல தண்ணீரில். கடல் தண்ணீர் உள்ளே புகாமல் சீல் ஓரத்திலேயே காய்ந்தாலும் போதும், அங்கே படிந்த உப்பு ரப்பரை அராவத் தொடங்கும். சீல் இருக்கிற ரீல் நெடுநாள் தாங்கும், சந்தேகமில்லை. ஆனால் ஒருமுறை உள்ளே போன தண்ணீர் வெளியே வரவும் வழி இருக்காது.

ராயபுரத்தில் ரீல் பழுது பார்க்கும் ஒருவரின் மேசையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கைப்பிடி கரகரவென்று சுற்றும் ரீலோடு ஓர் இளைஞர் வந்திருந்தார். "அண்ணே, கியர் போயிடுச்சா?" என்றார். பழுதுக்காரர் பதில் சொல்லாமல் ஸ்பூலைக் கழற்றினார், பக்க மூடியின் ஸ்க்ரூக்களில் கைவைத்தார். மூன்று வந்தன. நான்காவது அசையவில்லை. அதைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்திருந்தது. ஸ்டீல் ஸ்க்ரூவும் அலுமினிய உடம்பும் நடுவில் உப்பு ஈரமும் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கிவிடும். அரிபடுவது எப்போதும் அலுமினியம்தான். ஊடுருவும் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு, சூடு காட்டி, அரை மணி நேரம் கழித்து மெல்லத் திருப்பினார். உள்ளே கியர் பளபளவென்று இருந்தது. "கியர் கல்லு மாதிரி இருக்கு தம்பி. உன் லைன் ரோலர்தான் செத்துப்போச்சு" என்று பெய்ல் கம்பியின் முனையில் இருந்த சின்ன உருளையை நகத்தால் தட்டிக் காட்டினார். அது சுற்றவே இல்லை. லைன் உரசி உரசி அதில் ஒரு கோடு விழுந்திருந்தது.

எந்தக் கம்பெனி ரீலானாலும் பெரும்பாலும் முதலில் சாகும் இடம் அந்த உருளைக்குள் இருக்கும் பேரிங். நனைந்த பிரெய்டு லைன், அதாவது பின்னல் நூல், ஒவ்வொரு வீச்சிலும் கடல் தண்ணீரைப் பிழிந்து ஊற்றுவது அங்கேதான். 'பத்து பேரிங், பன்னிரண்டு பேரிங்' என்று விளம்பரம் செய்கிறார்களே, துருப்பிடிக்க அத்தனை இடம் இருக்கிறது என்பதும் அதே கணக்குதான். நல்ல பேரிங் நாலைந்து இருந்தால் போதும். கம்பெனி உதிரி வரவில்லை என்றாலும் வழி உண்டு: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு சென்னைப் பாரிமுனைப் பக்கம் பேரிங் கடைகளில் கேட்டால் பொதுவான அளவு கிடைத்துவிடும். கம்பெனிக்கே உரிய தனி அளவில் செய்த பாகங்களுக்குத்தான் இந்த வழி அடைபடும். அப்படிப்பட்ட பாகம் எத்தனை இருக்கிறது என்பதும் ரீல்களை ஒப்பிட ஒரு நல்ல அளவுகோல்.

டிராக் விஷயத்துக்கு வருவோம். 15 கிலோ, 20 கிலோ என்று பெட்டி மேல் பெரிய எழுத்தில் இருக்கும். 30 பவுண்டு பிரெய்டு போடுகிறவர் லைனின் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரைதான் டிராக்கை இறுக்க வேண்டும். அதாவது மூன்றரை கிலோவிலிருந்து நாலரை கிலோ. அதற்கு மேல் உள்ள எண் எல்லாம் அவருக்குத் தேவைப்படாதது. அவருக்குத் தேவை, வஞ்சிரம் அடித்துவிட்டு முதல் ஓட்டம் ஓடும்போது டிராக் திக்காமல், உதறாமல் விட்டுக்கொடுப்பது. அதைக் கடையிலேயே பார்க்கலாம்: டிராக்கைப் பாதி இறுக்கி, லைனைக் கையில் சுற்றி மெதுவாக இழுக்கத் தொடங்குங்கள். முதல் அசைவுக்குத் தனியாக ஒரு வெட்டு வெட்டி இழுக்க வேண்டியிருந்தால் அந்த ரீல் வேண்டாம். கார்பன் வாஷர்கள் சூட்டையும் ஈரத்தையும் நன்றாகத் தாங்குகின்றன; பென்னின் எச்டி-100 இந்த வகை. ஃபெல்ட் வாஷர் மென்மையாக விடும், ஆனால் இறுக்கியபடியே மாதக்கணக்கில் வைத்தால் நசுங்கிப்போகும். கம்பெனி எதுவானாலும் வீட்டுக்கு வந்ததும் டிராக்கைத் தளர்த்தி வைப்பது நல்லது.

ரீலின் அளவைச் சொல்லும் 4000, 5000 என்ற எண்களையும் நம்ப முடியாது. ஒரு கம்பெனியின் 4000 இன்னொன்றின் 4000 ஆகாது. ஒரே கம்பெனியின் பழைய வரிசைக்கும் புதிய வரிசைக்கும்கூட அளவு மாறியிருக்கிறது. எந்தத் தடிமன் லைன் எத்தனை மீட்டர் கொள்ளும், ஒரு சுற்றுக்கு எத்தனை சென்டிமீட்டர் இழுக்கும் என்ற இரண்டு எண்களைப் படித்தால் போதும்.

சர்வீஸ் பற்றி எனக்குள்ள மனக்குறையைச் சொல்லியே ஆக வேண்டும். உத்தரவாதக் காலத்துக்குள் என் ரீல் ஒன்றில், கைப்பிடியைப் பின்னோக்கிச் சுற்றவிடாத ஒன்-வே கிளட்ச் பின்பக்கம் நழுவத் தொடங்கியது. மீன் கடித்ததும் வெட்டி இழுத்தால் கைப்பிடி திரும்பி முழங்கையில் அடிக்கும். விற்ற கடை வேறு ஊருக்கு அனுப்பச் சொன்னது. அங்கிருந்து ரசீது கேட்டார்கள், பிறகு படம் கேட்டார்கள், பிறகு அந்த மாடல் இந்தியாவில் முறைப்படி விற்கப்படுவதில்லை என்று பதில் வந்தது. ரசீது போட்டு விற்றது இந்தியக் கடைதான். கடைசியில் உள்ளூரிலேயே பிரித்து, கிளட்ச்சில் யாரோ அப்பியிருந்த கிரீஸைத் துடைத்தெடுத்து, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டதும் சரியாகிவிட்டது. அந்த இடத்தில் கிரீஸ் போடவே கூடாது. தயாரிப்பவர்கள் இந்த ஒரு வரியைத் தமிழில் அச்சடித்துப் பெட்டிக்குள் வைத்தால் எத்தனையோ பேருக்கு அலைச்சல் மிச்சமாகும்.

சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வரும் சொந்தக்காரரிடம் சொல்லி வாங்குகிற வழக்கம் நம்மவர்களிடம் அதிகம். விலை குறையும், உண்மைதான். உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த ரீல்களில் இன்னும் சிக்கல். அங்கே உதிரியும் முழுச் சர்வீஸும் ஒழுங்காகக் கிடைக்கும், இங்கிருந்து அனுப்பினால் போக்குவரத்துச் செலவே பாதி ரீல் விலை. அப்படி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் லைன் ரோலர் பேரிங், பெய்ல் ஸ்ப்ரிங், டிராக் வாஷர் மூன்றிலும் கூடுதலாக ஒன்று அதே பெட்டியில் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

எளிமையின் கடைசி எல்லையைப் பார்க்க ஆஸ்திரேலியாவின் ஆல்வியைப் பார்க்கலாம். 1920இல் பிரிஸ்பேனில் தொடங்கிய குடும்பக் கம்பெனி. பெரிய தட்டு மாதிரி ஸ்பூல். வீசும்போது பக்கவாட்டில் திருப்பி, இழுக்கும்போது நேராக்கிச் சுற்ற வேண்டும். உள்ளே பாகம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. மணலில் விழுந்தால் அலையிலேயே அலசிவிட்டு மறுபடி வீசுகிறார்கள். அப்படிப்பட்ட கம்பெனியே மலிவு இறக்குமதியோடு போட்டி போட முடியாமல் 2017இல் மூடப்போவதாக அறிவித்தது. பிறகு வேறு கைக்கு மாறி உற்பத்தி தொடர்ந்தது. அந்த இடைவெளியிலும் பழைய ஆல்வி வைத்திருந்தவர்கள் மீன் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

நம் கரையில் நின்று பாரைக்கும் கொடுவாவுக்கும் லூர் வீசுகிறவருக்கு என் யோசனை: பக்கத்தில் நம்பகமான சர்வீஸ் இல்லையென்றால் பிஜியோ ஸ்பின்ஃபிஷரோ. எடை பொறுக்காதவர் ஷிமானோவின் நடுத்தர வரிசைக்குப் போகலாம், ஆண்டுக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்கிற ஆளைத் தெரிந்து வைத்துக்கொண்டு. அந்தமானுக்குப் பெரிய பாரை பிடிக்கப் போகிறவர்களுக்கு ஸ்டெல்லா, டைவா சால்டிகா, பென் ஸ்லாமர் மூன்றுமே தாங்கும். அங்கே பட்ஜெட்தான் முடிவு செய்யும். எதை வாங்கினாலும் கழுவும்போது டிராக்கை இறுக்கிவிட்டு, குழாயை மெல்லத் திறந்து தூறல் மாதிரி நனைத்தால் போதும். வேகமாகப் பீய்ச்சினால் வெளியே இருக்கும் உப்பைத் தண்ணீரே உள்ளே தள்ளிவிடும். பக்கெட்டில் முக்குவதும் கூடாது. துடைத்து, டிராக்கைத் தளர்த்தி, நிழலில் காயவிட்டு, ரோலரில் ஒரு சொட்டு எண்ணெய். ஆண்டுச் சர்வீஸுக்கு ஐப்பசியில் மழை பிடிக்கும் முன்பே ரீலைக் கொடுத்துவிடுங்கள்; மழை தொடங்கியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் கொண்டுபோய்க் குவிப்பதால் தை வரைக்கும் பழுதுக்காரரின் மேசையில் இடம் கிடைக்காது.